கத்தார் டிஜிட்டல் லைப்ரரி: 1868-ன் கடல் தகராறை வைத்து ஒரு சோதனை

கத்தார் டிஜிட்டல் லைப்ரரியின் தேடல் பெட்டியில் 1868-ல் நடந்த ஒன்றைத் தேடினால், முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த ஆண்டின் கடிதமாக இருக்காது. சுமார் நாற்பது ஆண்டு கழித்து வேறோர் அதிகாரி எழுதி அச்சேறிய சுருக்கமாக இருக்கும். இந்தத் தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு நுழைகிறவருக்கு, வளைகுடாவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அரபு ஷேக்குகளுக்கு நடுவே செய்த பஞ்சாயத்தைக் காசு செலவில்லாமல் படிக்க இவ்வளவு நல்ல இடம் வேறு கிடைப்பது அரிது. தெரியாமல் நுழைகிறவர், பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் எப்படி எழுதிவைத்துக்கொண்டதோ அதையே மூல ஆவணம் என்று நம்பிவிடுவார்.

தளம் திறக்கப்பட்டது 2014 அக்டோபரில். கத்தார் அறக்கட்டளை, கத்தார் தேசிய நூலகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி. இதன் முதுகெலும்பு இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் துறை) ஆவணங்கள்: ஈரான் கரையில் உள்ள புஷையரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியின் (வளைகுடா விவகாரங்களைக் கவனித்த ரெசிடெண்ட் என்ற அதிகாரியின் அலுவலகம்) கோப்புகள், பஹ்ரைன், குவைத், மஸ்கட் ஏஜென்சிகளின் கோப்புகள், லண்டனில் சேர்ந்த அரசியல் மற்றும் ரகசியத் துறைக் காகிதங்கள். இவற்றோடு வரைபடங்கள், ஒளிப்படங்கள், அரபு அறிவியல் சுவடிகளும் உண்டு. கட்டணம் கிடையாது, பதிவு செய்யாமலே படிக்கலாம். முகப்பும் கோப்பு விளக்கங்களும் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கின்றன.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, 1867–68 பஹ்ரைன்–கத்தார் மோதலை எடுத்துக்கொண்டு தளத்தைச் சோதிக்கலாம். இந்த மோதலில் எல்லாமே உண்டு: ஒன்றோடொன்று உரசும் மூன்று ஆட்சிக் குடும்பங்கள், தாமதமாக வந்த கப்பல், தண்டத்தொகை, எரிந்த படகுகள், முத்திரை குத்திய உறுதிமுறிகள் (எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரங்கள்).

அப்போது பஹ்ரைனை ஆண்டவர் முகம்மது பின் கலீஃபா. 1861 மே 31-ல் செய்த ஒப்பந்தத்தில் கடலில் போர், கொள்ளை, அடிமை வணிகம் மூன்றையும் விடுவதாக அவர் ஏற்றிருந்தார். பதிலுக்குக் கடல்வழித் தாக்குதலிலிருந்து பாதுகாப்பதாகப் பிரிட்டிஷ் தரப்பு வாக்களித்திருந்தது. கத்தார் குடாநாட்டின் மீதும் அவருடைய அல் கலீஃபா குடும்பம் உரிமை கொண்டாடியது. தோஹாவுக்குத் தெற்கே உள்ள வக்ராவில் இருந்த பஹ்ரைன் பிரதிநிதி, நயீம் குலத்தைச் சேர்ந்த ஒரு பதூவை (நாடோடி அரபியை) பிடித்துப் பஹ்ரைனுக்கு அனுப்பியதில் தகராறு மூண்டது. உள்ளூர்க் குலங்கள் பிரதிநிதியை வெளியேற்றின. பேச்சுக்கு என்று பஹ்ரைனுக்கு அழைக்கப்பட்ட, தோஹா ஷேக் முகம்மது பின் தானியின் மகன் ஜாசிம் பின் முகம்மது அல் தானி அங்கே சிறைவைக்கப்பட்டார். 1867 அக்டோபரில் பஹ்ரைனும் அபுதாபியும் சேர்ந்து தோஹாவையும் வக்ராவையும் சூறையாடின. வளைகுடா பற்றிய அரசாங்க விவரத் தொகுப்பை (கெஜட்டியர்) எழுதிய பிரிட்டிஷ் இந்திய அதிகாரி லோரிமரின் கணக்குப்படி பஹ்ரைனிலிருந்து 24 படகுகளில் 500 பேர், அபுதாபியிலிருந்து 70 படகுகளில் 2,000 பேர். 1868 ஜூனில் கத்தார்க் குலங்கள் திருப்பித் தாக்கியபோது, அதே நூலின்படி, சுமார் 1,000 பேர் இறந்தனர், 60 படகுகள் அழிந்தன.

ரெசிடெண்ட் லூயிஸ் பெல்லி கப்பலோடு வந்தது 1868 செப்டம்பரில்தான். முதல் தாக்குதல் நடந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. இந்தத் தாமதத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இந்தியக் கடற்படை 1863-ல் கலைக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு ரெசிடெண்ட் நினைத்த நேரத்தில் போர்க்கப்பல் கிடைக்கும் நிலை இல்லை. கப்பல் இல்லாத ரெசிடெண்டின் கடிதத்துக்கு வளைகுடாவில் மதிப்புக் குறைவு என்பது எல்லாத் தரப்புக்கும் தெரிந்திருந்தது.

தேடலுக்கு வருவோம். தளத்தில் அச்சுப் பக்கங்களும் தட்டச்சுப் பக்கங்களும் எழுத்துணரி மென்பொருள் வழியே உரையாக மாற்றப்பட்டிருக்கின்றன. கையெழுத்துப் பக்கங்களில் பெரும்பாலானவை படமாக மட்டுமே இருக்கின்றன. 1868-ன் ரெசிடென்சிக் கடிதங்கள் கையெழுத்து. ஆகவே தேடல் அவற்றின் உள்ளே போவதில்லை, கோப்பின் தலைப்பையும் விளக்கக் குறிப்பையும் மட்டுமே தொடும். உள்ளே போய்ச் சொல்லைக் கண்டுபிடிப்பது அச்சு நூல்களில்: லோரிமரின் வளைகுடா கெஜட்டியர், சல்தான்ஹா என்ற அதிகாரி 1904-ல் தொகுத்த அரசாங்கச் சுருக்கங்கள், பம்பாய் அரசு 1856-ல் வெளியிட்ட ஆவணத் தேர்வு. கெஜட்டியரின் நிலவியல் பகுதி 1908-ல் வந்தது. வரலாற்றுப் பகுதி லோரிமர் இறந்த அடுத்த ஆண்டு, 1915-ல், வந்தது. இவை அதிகாரிகளின் உபயோகத்துக்காக எழுதப்பட்டவை. துருக்கியரோடும் உள்ளூர் ஆட்சியாளர்களோடும் வாதாடும்போது எடுத்துப் புரட்ட ஏதுவாக அடுக்கப்பட்டவை. அதனால் எது கடற்கொள்ளை, எது போர், எது கப்பம், எது பாக்கி என்ற முடிவுகள் அவற்றில் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. தேடல் முடிவுகளின் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டால் அந்த முடிவுகளையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம்.

சரியான வழி, அச்சு நூலைத் திசைகாட்டியாக மட்டும் பயன்படுத்துவது. முதலில் லோரிமரின் பஹ்ரைன் அத்தியாயத்தில் 1867–69 பகுதியைப் படித்துத் தேதிகளை மட்டும் தனியே குறித்துக்கொள்ளவும். அடுத்து சல்தான்ஹாவின் சுருக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கத்தார் விவகாரச் சுருக்கம் 1873-ல்தான் தொடங்குகிறது. 1868-ஐத் தேடி அதைத் திறப்பவர் வெறுங்கையோடு திரும்புவார். 1854-ல் தொடங்கும் பஹ்ரைன் விவகாரச் சுருக்கத்தைத் திறக்க வேண்டும். அதில் மேற்கோள் காட்டப்படும் கடிதங்களின் எண்ணையும் தேதியையும் எழுதிக்கொண்டு, ரெசிடென்சிக் கோப்புகள் இருக்கும் ஐ.ஓ.ஆர்./ஆர்/15/1 வரிசைக்குப் (ஐ.ஓ.ஆர். என்பது இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் ஆங்கிலச் சுருக்கம்) போய், ஆண்டு வடிகட்டியை 1867–1869 என்று வைத்து, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கவும். பக்கங்களைப் புரட்டுவதற்கு முன் கோப்பின் விளக்கக் குறிப்பை முழுக்கப் படிப்பது பயன் தரும். யார் யாருக்கு எழுதியது, எந்த மொழியில், எந்தத் தாளிலிருந்து எந்தத் தாள் வரை என்று எழுதிவைத்திருக்கும் அந்தக் குறிப்புகள்தான் தளத்தின் ஆகச் சிறந்த உழைப்பு.

பெயர்கள் படுத்தும் பாடு தனி. 19-ம் நூற்றாண்டு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கத்தார் என்பது 1868-ன் தாள்களில் 'ஜி' எழுத்தில் தொடங்கும் 'குட்டர்', 1900-களில் 'கே' எழுத்தில் தொடங்கும் 'கட்டர்', இன்றைக்கு 'க்யூ'. தானி என்ற பெயர் உறுதிமுறியின் ஆங்கில வடிவில் 'சானீ' என்று இருக்கிறது. தோஹாவை 'பிடா', 'பிட்டா' என்ற பெயரிலும் தேட வேண்டும். அபுதாபி ஒரே சொல்லாக 'அபூதபீ' என்று வரும். ஷார்ஜா, ராஸ் அல் கைமா கரையின் காசிமி குலத்தார் 'ஜோவாஸ்மி'. தளத்தார் மக்கள், இடம், பொருள் என்று தனித்தனியே குறிச்சொற்கள் போட்டிருப்பதால், இடப்பக்க வடிகட்டியில் இன்றைய பெயரைச் சொடுக்கினால் பழைய வடிவங்கள் இருக்கும் கோப்புகளும் வரும். அச்சு நூலின் உள்ளே தேடும்போது அந்த உதவி கிடைக்காது, எல்லா எழுத்துக்கூட்டலையும் தனித்தனியே தட்டித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு பெல்லிகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 1868-ல் வந்தவர் தரைப்படை அதிகாரியான ரெசிடெண்ட் லூயிஸ் பெல்லி. 1895 செப்டம்பரில், கத்தாரின் வடமேற்குக் கரையில் உள்ள ஸுபாராவில், பஹ்ரைனைத் தாக்கத் திரண்டதாகச் சொல்லப்பட்ட 44 படகுகளை அழித்தது 'ஸ்ஃபிங்ஸ்' கப்பலின் தலைவர் ஜே. எச். பெல்லி. இரண்டுமே செப்டம்பர் முதல் வாரம், இரண்டிலும் பஹ்ரைன், இரண்டிலும் எரிந்த படகுகள். குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இருபத்தேழு ஆண்டு இடைவெளி ஒரே நிகழ்ச்சியாகக் குழம்பிவிடும்.

எழுத்துணரியின் தவறுகளில் ஆபத்தானது எண்கள். லோரிமரின் நூலில் ஓரத்தலைப்புகள் உண்டு. உரை வடிவில் அவை வாக்கியத்தின் நடுவே வந்து விழும். அட்டவணைகளில் பத்திகள் கலந்துவிடும். தளம் கலைச்சொற்களுக்கு விளக்கக் குமிழிகளும் வைத்திருக்கிறது. படிக்கும்போது அவை உதவும், உரையை அப்படியே நகலெடுக்கும்போது அந்த விளக்கம் மூல வாக்கியத்துக்குள் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். தொகை, படகு எண்ணிக்கை, தேதி மூன்றையும் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் சரிபார்க்காமல் எடுத்தாளக் கூடாது. படத்தின் தரம் இதற்குத் தாராளமாகப் போதும். மங்கிய மையில் எழுதிய வரியைக்கூட உருப்பெருக்கிப் படிக்க முடிகிறது.

இந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பலன் பெரிது. 1868 செப்டம்பரின் தாள்களைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்தால், பஞ்சாயத்தின் எலும்புக்கூடு தெரியும். பெல்லி வருவதற்குள் முகம்மது பின் கலீஃபா பஹ்ரைனை விட்டுக் கத்தார் கரைக்குப் போய்விட்டார். 6-ம் தேதி அவருடைய தம்பி அலி பின் கலீஃபா உறுதி எழுதிக் கொடுக்கிறார்: தம்முடையதும் அண்ணனுடையதுமான போர்ப் பக்லாக்களையும் பத்தீல்களையும் (இரண்டும் அரபுப் பாய்மரக் கப்பல் வகைகள்) 'விஜிலண்ட்' கப்பலின் தலைவரிடம் ஒப்படைப்பது, 1 லட்சம் டாலர் கட்டுவது, அதில் 25,000 உடனடி ரொக்கம், மிச்சத்தை ஆண்டுக்கு 25,000 வீதம் மூன்று தவணை, அண்ணனை ஆட்சியில் சேர்க்காமல் இருப்பது, புஷையரில் ஒரு முகவரை வைப்பது. போர்க்கலங்கள் எரிக்கப்பட்டன, முஹர்ரக்கில் அபூ மாஹிர் கோட்டை தகர்க்கப்பட்டது. 12-ம் தேதி வக்ராவில் முகம்மது பின் தானியின் உறுதி. மறுநாள் கத்தார்க் குலத்தலைவர்களின் ஒப்புதல், ஆண்டுக்கு மொத்தம் 9,000 கிரான் என்ற தொகையோடு. 16-ம் தேதி அபுதாபியின் ஸாயித் பின் கலீஃபாவின் உறுதி. பத்து நாளில் மூன்று கரைகளும் முடிந்தன.

முகம்மது பின் தானியின் முறியில் ஐந்து உறுப்புகள். தோஹாவுக்குத் திரும்பி அமைதியாக இருப்பது. பகை நோக்கோடு கடலில் இறங்காமல், தகராறு வந்தால் ரெசிடெண்டிடம் கொண்டுபோவது. முகம்மது பின் கலீஃபாவுக்கு எவ்வகையிலும் உதவாமல் இருப்பது. அவர் தம் கையில் சிக்கினால் அவரை ரெசிடெண்டிடம் ஒப்படைப்பது. அலி பின் கலீஃபாவோடு முன்பிருந்த உறவை அப்படியே தொடர்ந்து, பணப் பாக்கி உட்பட எந்த வேறுபாடு எழுந்தாலும் அதையும் ரெசிடெண்டிடமே விடுவது. சுருக்க நூல்களில் படித்தால் இது இரு தரப்பு உடன்படிக்கைபோல் தோன்றும். முறியின் வாசகத்தில் பிரிட்டனின் வாக்குறுதி ஒன்றுகூட இல்லை. எழுதிக் கொடுப்பவர் ஷேக் ஒருவரே. 1861-ல் பஹ்ரைனுக்குக் கிடைத்த பாதுகாப்பு வாக்கு 1868-ல் தோஹாவுக்குக் கிடைக்கவில்லை. மூன்றே ஆண்டில், 1871-ல், துருக்கியப் படை தோஹாவுக்கு வந்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஐந்தாம் உறுப்பில் வரும் 'முன்பிருந்த உறவு' என்ற சொல்தான் பின்னால் பெரிய வழக்கானது. பஹ்ரைன் அதைத் தன் மேலாண்மைக்குச் சான்றாகப் படித்தது. கத்தார் தரப்போ, ரெசிடெண்ட் தோஹா ஷேக்கோடு தனியே பேசி முறி வாங்கியதையே தனி இருப்புக்குச் சான்றாகப் படித்தது. 9,000 கிரானும் அப்படித்தான்: பஹ்ரைனுக்குக் கட்டிய கப்பமா, நஜ்துக்கு (நடு அரேபியாவின் வஹாபி ஆட்சிக்கு) இரு தரப்பும் செலுத்தியதில் ஒரு பங்கா என்பது சொல்லைப் பொறுத்தது. சொல் அரபியில் எப்படி இருந்தது, எழுத்தர் ஆங்கிலத்தில் என்ன எழுதினார் என்று பார்க்க அச்சு நூல் உதவாது. அரபுத் தாள்கள் இருக்கும் கோப்புகளில் அவையும் படமெடுக்கப்பட்டிருப்பது தளத்தின் பெரிய கொடை. ஆங்கிலப் பிரதியை மட்டும் பதிப்பித்த பழைய ஒப்பந்தத் தொகுப்புகளில் இந்த வசதி இல்லை.

பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த ஆவணங்களில் டாலர் என்றால் அமெரிக்க டாலர் என்று எண்ணிவிடக் கூடாது. வளைகுடாவிலும் செங்கடலிலும் புழங்கிய மரியா தெரசா வெள்ளிக் காசைத்தான் எழுத்தர்கள் பொதுவாக டாலர் என்று எழுதினார்கள். கிரான் ஈரானிய வெள்ளி நாணயம். ரூபாய் பம்பாய்க் கணக்குக்கு. ஒரே கோப்பில் மூன்றும் வரும். தொகையை எடுக்கும்போது நாணயத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

தேதிகளைச் சரிபார்க்க ஹிஜ்ரி ஆண்டு கைகொடுக்கும். 1868 செப்டம்பர் 12 என்பது 1285 ஜுமாதல் அவ்வல் 24. அரபுத் தாளிலும் ஆங்கிலத் தாளிலும் தேதி ஒரு நாள் வித்தியாசப்பட்டால் பதற்றப்பட வேண்டாம், பிறை பார்ப்பதிலும் மாலையில் நாள் தொடங்குவதிலும் அது வரும். ஒரு வாரம் வித்தியாசப்பட்டால், ஒன்று எழுதிய நாள், மற்றது புஷையரில் பதிவான நாள் என்று சந்தேகிக்கவும்.

இல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். கடற்படையின் சொந்தக் காகிதங்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கப்பல் எந்நேரம் நங்கூரம் போட்டது, எத்தனை ஆழத்தில் நின்றது, எப்போது சுட்டது என்பதெல்லாம் கப்பலின் நாட்குறிப்பில் இருக்கும். அந்த நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் தேசிய ஆவணகத்தின் ஏ.டி.எம். 53 (கடற்படைத் துறை) வரிசையில் இருக்கின்றன. ரெசிடெண்டின் கோப்பில் கப்பல் ஒரு மிரட்டலாக மட்டுமே வரும். அலையடிக்கும் ஆழமற்ற கரையில் அது எவ்வளவு தூரத்தில் நிற்க முடிந்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னொன்று, ரெசிடென்சி 1873 வரை பம்பாய் அரசின் கீழ் இருந்தது. 1868-ன் கடிதப் போக்குவரத்தின் மறுமுனை பம்பாய் வரிசைகளில் கிடக்கிறது. பெல்லி எழுதியது இங்கே கிடைத்து, மேலிடம் என்ன சொன்னது என்பது கிடைக்காமல் போனால், அடுத்த இடம் மும்பையில் உள்ள மகாராஷ்டிர அரசு ஆவணகம்.

கத்தார் பணத்தில் நடக்கும் தளம் என்பதால் ஆவணத் தேர்வு ஒருபக்கமாக இருக்குமோ என்று கேட்பது நியாயம்தான். கோப்புகள் முழுமையாக, அட்டை முதல் வெற்றுத்தாள் வரை படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பஹ்ரைனுக்குச் சாதகமான கடிதமும் அதே கோப்பில் அதே வரிசையில் இருக்கிறது. சாய்வு எங்கே இருக்கிறது என்றால், காகிதத்தை எழுதியவர் கையில்: மனு கொடுத்தவர் ஷேக், அதைப் பதிவு செய்தவர் பிரிட்டிஷ் எழுத்தர். நிலத்தில் நடக்கும் சண்டையில் தலையிடாமல் கடலை மட்டும் காவல் காப்பது ரெசிடென்சியின் நெடுநாள் கொள்கை. ஆகவே ஒரு சம்பவம் கோப்பில் ஏற வேண்டுமானால் அது கடலில் நடந்த அத்துமீறலாக எழுதப்பட வேண்டும். சிறைபிடித்தலும் குலப்பகையும் இரண்டு வரியில் முடிந்து, 'கொள்ளை' என்ற சொல் பக்கம் பக்கமாக வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கொள்கையின் வேர் வேண்டுமென்றால் 1856-ன் பம்பாய்த் தேர்வுக்குப் போகவும். 1835-ல் ரெசிடென்சி அதிகாரி ஹென்னல் காசிமிகளையும் அபுதாபியின் பனீ யாஸ் குலத்தாரையும் உட்காரவைத்து எழுதிய முதல் கடல் அமைதி, முத்துக்குளிப்புப் பருவத்தின் ஆறு மாதத்துக்கு மட்டுமே. மே 21 முதல் நவம்பர் 21 வரை. 1843-ல் பத்தாண்டு, 1853-ல் நிரந்தரம் என்று அது நீண்ட கதை அந்த ஒரே தொகுப்பில் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. அச்சு என்பதால் தேடலும் நன்றாக வேலை செய்கிறது. தளத்தைப் புதிதாகப் பழகுகிறவர்கள் 1868-க்கு முன் இதில் கை பழகிக்கொள்வது நல்லது.

கடைசியாக, மேற்கோள் காட்டும் முறை. பஹ்ரைன்–கத்தார் எல்லை வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் நடந்தபோது, கத்தார் சமர்ப்பித்த 82 ஆவணங்களின் உண்மைத்தன்மையைப் பஹ்ரைன் கேள்விக்குள்ளாக்கியது. கத்தார் அவற்றைக் கைவிட்டது. 2001 மார்ச் 16-ல் தீர்ப்பு வந்தது. தாளின் இருப்பிடத்தைச் சரியாகச் சொல்ல முடியாத சான்றுக்கு இந்தப் பொருளில் எவ்வளவு எடை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தளமே மேற்கோள் வரியைத் தருகிறது: கோப்பின் பெயர், சதுர அடைப்புக்குள் தாள் எண், பிறைக்குறிக்குள் பட எண், வரிசை எண். தாள் எண்ணோடு வரும் 'ஆர்' முன்பக்கம், 'வி' பின்பக்கம். பட எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது பலர் செய்யும் தவறு. மூலக் கோப்பைக் கையில் எடுப்பவருக்கு அது உதவாது. பல கோப்புகளில் இரண்டு தாள் எண் வரிசைகள் பென்சிலில் இருக்கும். தளம் பின்பற்றுவது எது என்பதை விளக்கக் குறிப்பு சொல்லும், பெரும்பாலும் முன்பக்கத்தின் வலது மேல் மூலையில் வட்டமிட்டிருப்பது. வட்டமில்லாத எண்ணை எடுத்து எழுதினால் அடுத்தவர் வேறொரு கடிதத்தில் போய் நிற்பார்.